அரசரும் அமைச்சரும் ஆலயச் சொத்தும்



சுனாபட்டியில் என் அண்டை வீட்டிலிருக்கும் பெரியவர் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தவர். அண்மையில் அவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார்: "ஐயா, நம் அரசு எச்சமயத்தையும் சாராதது என்கிறீர்கள். அவ்வாறாயின், எங்கள் சுசீந்திரம் கோயிலுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் பணம் செல்வது எங்ஙனம்?" இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அரசர் ஒருவரின் அமைச்சர் சமய நிறுவனங்களின் சொத்தில் கைவைத்த வரலாறு எனின், எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல்லே முதலில் நினைவுக்கு வருவார். 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னரே தலைவர் எனச் சட்டம் செய்யப்பட்டது. மறு ஆண்டில் திருச்சபையின் வருவாய் கணக்கெடுக்கப்பட்டது. 1536 முதல் 1540 வரை ஏறத்தாழ 800 மடங்கள் மூடப்பட்டன. அவற்றின் நிலங்கள் மன்னர்வசமாயின. பெரும்பகுதி பின்னர் விலைபோயிற்று. துறவியர் பலருக்கு உதவித்தொகை கிடைத்தது, மடங்களோ பாழாயின. கிராம்வெல்லும் 1540-இல் அதே மன்னரின் ஆணையால் தலையிழந்தார்.

இதற்கு ஒப்பானதொரு நிகழ்ச்சி திருவிதாங்கூரிலும் உண்டு. 1811-இல் இராணி கௌரி இலட்சுமி பாயின் ஆட்சியில், ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ திவான் பதவியையும் ஏற்றார். கருவூலம் வறண்டிருந்தது, கோயில் நிலங்களின் நிருவாகமும் சீர்கெட்டிருந்தது. 300-க்கும் மேற்பட்ட பெருங்கோயில்களையும் 1,000-க்கும் மேற்பட்ட சிறு கோயில்களையும் அவற்றின் நிலங்களோடு அவர் அரசின் பொறுப்பில் கொணர்ந்தார். சுசீந்திரமும் அவற்றுள் ஒன்று. ஆயினும் கோயில்கள் மூடப்படவில்லை. பூசையையும் திருவிழாவையும் நடத்தும் கடமையை அரசே ஏற்றது. நிலத்தை எடுத்த கை, நிவேதனத்துக்கும் பொறுப்பாயிற்று.

இவ்வேற்பாட்டால் ஒரு தீங்கும் விளைந்தது. கோயில்களை நிலவரித் துறையினரே நிருவகித்தனர். ஆகவே கோயிலுள் நுழைய உரிமையற்ற கிறிஸ்துவர், முஸ்லிம்கள், தாழ்த்தப்பட்டோர் ஆகியோருக்கு அத்துறையின் பணிகளும் மறுக்கப்பட்டன. குடிமை உரிமைக் கிளர்ச்சியின் பயனாக, 1922-இல் தேவஸ்வம் தனித்துறையாகப் பிரிக்கப்பட்டது. நிலவரி வருவாயில் 100-க்கு 40-க்குக் குறையாத பங்கு அதற்கு ஒதுக்கப்பட்டது.

பணி மறுப்பு நீங்க வழி பிறந்தது. கோயிற் கதவோ திறக்கவில்லை. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்கே 1924-இலும் 1925-இலும் மக்கள் போராட நேர்ந்தது; ஈ.வெ.ரா. அதில் சிறை சென்றார். இறுதியில், 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அப்போது திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர். கோயில்கள் அரசின் பொறுப்பில் இருந்தமையால், ஒரே ஆணை அவை அனைத்தையும் திறந்தது. 125 ஆண்டுகளுக்கு முன் மன்றோ வருவாய் கருதிச் செய்த செயல், அவர் எண்ணியிராத பயனையும் தந்தது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதி நம் மாநிலத்தோடு இணைந்தபோது அக்கடமையும் பங்கிடப்பட்டது. அரசியலமைப்பின் 290-அ பிரிவின்படி, திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் ஆண்டுக்கு ரூ. 46,50,000-மும், மாற்றப்பட்ட பகுதியிலுள்ள கோயில்களுக்கெனத் தமிழ்நாடு ரூ. 13,50,000-மும் வழங்கவேண்டும். ஆதலின் இப்பணத்தை ஒரு சமயத்துக்கு அரசு காட்டும் சலுகை என்பதைக் காட்டிலும், எடுத்த சொத்துக்கு ஈடாகச் செலுத்தும் கடன் என்பதே பொருந்தும்.

இவ்விடையைப் பெரியவரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், "என் பாட்டனார் அக்கோயில் வாயிலைத் தாண்டியதில்லை, ஆனால் அவர் செலுத்திய நிலவரியும் அக்கருவூலத்தில்தானே சேர்ந்தது?" என்றார்.

அவர் கூறியது உண்மை. தெய்வத்துக்குச் செலுத்தவேண்டிய கடனை அரசியலமைப்பு ரூபாய்க் கணக்கில் எழுதிவைத்தது. வரி செலுத்தியும் வெளியே நிறுத்தப்பட்ட அம்மக்களுக்கு உரிய கடன் எத்தொகையிலும் அடங்காது. அவர்களின் மக்கள் எல்லா வாயில்களிலும் தலைநிமிர்ந்து நுழைவதே அதனைத் தீர்க்கும் வழி. ஊரை விட்டு வெகுதொலைவில் வாழும் நாமும், இங்கு நாம் எழுப்பும் கோயில்களிலும் சங்கங்களிலும் அதனை மறவாதிருப்போமாக.