எழுவானும் படுவானும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்துருவம்)



இன்றைய பேச்சை எங்கள் வீட்டுக் கதையொன்றிலிருந்து தொடங்க விரும்புகின்றேன்.

மட்டக்களப்புப் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். அந்த வழக்கப்படி நானும் 30 ஆண்டுகளுக்கு மேல் முன்பு, படுவான்கரையிலிருந்து எழுவான்கரையின் கடலோரக் கிராமமொன்றுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்.

எங்கள் மகளுக்கு வீடு கட்டும் காலம் வந்தபோது எங்களிடம் இரண்டு காணிகள் இருந்தன. ஒன்று கடலோரத்தில் மனைவியின் சீதன வளவு. மற்றது படுவான்கரையில் என் தாய்வழி வந்த அரை ஏக்கர். கையில் காசு போதாது. ஒன்றை விற்றால் மற்றதில் நல்ல வீடு கட்டலாம். எதை விற்பது? எந்தக் கரையில் மகளைக் குடிவைப்பது?

மட்டக்களப்பை அறியாத நேயர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலம் சூரியன் எழும் பக்கம், ஆதலால் எழுவான்கரை. ஆரையம்பதி, செட்டிபாளையம், களுதாவளை, கல்லாறு முதலிய ஊர்கள் அங்கே உள்ளன. வாவிக்கு மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, அம்பிளாந்துறை, மண்டூர் என்று வயலும் குளமும் சூழ்ந்த ஊர்கள் அங்கே. ஒரு பக்கம் நெய்தல், மறுபக்கம் மருதம். இடையில் ஒரு வாவி.

பழந்தமிழ் இலக்கியம் நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தொழிலும் ஒழுக்கமும் வகுத்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மருதத்தான் உழுவான், நெய்தலான் வலை வீசுவான். ஆனால் அந்த வகுப்பு வேலி போட்டது அன்று. அகநானூற்றில், நெல்லுக்கு நேர் உப்பு என்று கூவி விற்றுவரும் உமணர் பெண்ணைக் காண்கின்றோம். உப்பு விளைந்த நிலத்தில் நெல் இல்லை. நெல் விளைந்த நிலத்தில் உப்பு இல்லை. அவள் நடந்த வழிதான் இரண்டையும் வாழவைத்தது. திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதைத் தொல்காப்பியரும் விலக்கவில்லை.

எங்கள் முன்னோர் இதை ஏட்டில் படித்து அறியவில்லை. பருவத்தைப் பார்த்து அறிந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கும். கடல் கொந்தளிக்கும், கரைவலை வாடிகள் வெறிச்சோடும். அதே வேளையில் படுவான்கரையில் பெரும்போக வெள்ளாமை. மாசி, பங்குனியில் வெட்டு முடியும். வானம் பார்த்த வயல் ஓய்கின்ற அந்த நாட்களில் கிழக்குக் கடல் அடங்கி, கரைவலை இழுக்கத் தொடங்கும். ஒரு கரை உறங்கும்போது மறுகரை விழித்திருக்கும். எழுவான்கரையில் வீட்டையும் படுவான்கரையில் வயலையும் வைத்துக்கொண்டு, வெள்ளாமைக் காலத்தில் வயல்வாடியில் தங்கிய போடிமார் பலர். மேற்கே போன கருவாட்டுக்கு நெல்லும் தயிரும் கிழக்கே வந்தன.

வாவியைக் கடக்க எங்களுக்குப் 'பாதை' இருந்தது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் ஊர்ப்பெயர் அது. மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்திருந்த பொழுதுகளை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். 2014 இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது.

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருகின்றேன்.

கடலோர வளவை விற்க வேண்டும் என்பது என் கட்சி. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வளவிலிருந்த எங்கள் வீடு போயிற்று. நாங்கள் ஓடித் தப்பினோம். பக்கத்து வளவில் நால்வர் தப்பவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம். இரவில் அலைச் சத்தம் உரத்துக் கேட்டால் எனக்கு இன்றும் நித்திரை வராது.

என் மனைவியோ கடலோரத்திலே பிறந்தவர். அவர் சொன்னார்:

"இஞ்சேருங்க, கடல் ஒருநாள்தானே வந்தது. மற்ற நாளெல்லாம் நமக்குச் சோறு தந்தது ஆரு? உங்கட ஊரிலயும் வெள்ளம் வரல்லியா?"

எனக்கு மறுமொழி இல்லை. 1957 ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி என் தாயார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1978 நவம்பர் 23 ஆந் திகதி சூறாவளி இரண்டு கரைகளையும் ஒன்றாகவே அடித்தது. 2011 சனவரி வெள்ளத்தில் விளைந்த வயல்கள் நீருக்குள் கிடந்தன. கோடையிலோ படுவான்கரைக் கிணறுகள் பல வற்றிவிடும். குடிநீருக்கு அலைய வேண்டும். கடலோர மணலில் சில முழம் தோண்டினாலே நன்னீர். இப்போது படுவான்கரைக்குக் காட்டு யானைத் தொல்லையும் சேர்ந்துவிட்டது. ஆபத்தில்லாத ஊரைத் தேடினால் இரண்டு கரையிலும் கிடைக்காது.

அப்போது மகள் வேறொன்றை நினைவூட்டினாள். கடல் அடித்த அன்று நாங்கள் ஓடியது வாவியை நோக்கி. தோணியில் ஏறி, அக்கரையில் என் தமக்கையாரின் வீட்டில்தான் அன்றிரவு சோறு உண்டோம். 2007 இன் தொடக்கத்தில் போர் படுவான்கரையைச் சூழ்ந்தபோது, அதே தமக்கையார் பிள்ளைகளோடும் ஒரு பொட்டலம் துணியோடும் எழுவான்கரைக்கு வந்து, எங்கள் வாடகை வீட்டில் மாதக்கணக்கில் இருந்தார்.

"அப்பா, ஒரு கரையில மட்டும் நாம இருந்திருந்தா அண்டைக்கு எங்க போயிருப்பம்?" என்று கேட்டாள் அவள். "வீட்டைச் சின்னதாக் கட்டுங்க. ஒரு காணியையும் விற்க வேணாம்."

நேயர்களே, உள்நாட்டுக் கிராமமா, கடலோரக் கிராமமா என்று நாம் கேட்கும்போது, ஒன்றை எடுத்து மற்றதைக் கைவிடுவதாகவே எண்ணுகின்றோம். எங்கே குடியிருப்பது என்பது ஒரு கேள்வி. எங்கே நமக்கு ஆட்கள் இருக்கின்றார்கள் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஒரே விடைதான் இருக்கலாம். இரண்டாவதற்கு இரண்டு கரையிலும் விடை வேண்டும். இன்று காணி விலை ஏற ஏற, கடலோரத்தாரும் வயற்புறத்தாரும் தத்தம் மறுகரைத் துண்டை விற்றுவிடுகின்றார்கள். காணி போனால் போக்குவரவு குறையும். போக்குவரவு குறைந்தால் உறவு பெயரளவில் நிற்கும். பாலம் இருந்தும் போவதற்கு ஒரு வீடு இருக்காது.

மகளின் வீடு படுவான்கரையில் எழுந்தது. இரண்டு அறையும் ஒரு விறாந்தையும்தான். மதில் கட்டக் காசு இல்லை, கம்பிவேலி. தாயின் ஊரிலே மகளுக்கு வீடு என்ற வழக்கம் எங்கள் குடும்பத்தில் அன்று மாறியது. என் மனைவிக்கு அது இலேசான காரியமன்று. குடிபுகுந்த அன்று அவர் அதிகம் பேசவில்லை. அடுத்த கிழமை கடலோர வளவுக்குப் போய், அலை கொண்டுபோன தென்னைகளின் இடத்தில் ஆறு தென்னம்பிள்ளைகளை நட்டுவிட்டு வந்தார்.

அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற நாங்கள் இருவரும் போகின்றோம். திரும்பும்போது மகள் வீட்டுக்கு மீன் கொண்டுபோவோம். அவள் அரிசி தந்து அனுப்புவாள்.