நடைபாதையும் மக்கள் உரிமையும்

நடந்து செல்லும் பாதைக்குச் சட்டம் எதற்கு எனச் சிலர் வினவலாம். இங்கிலாந்தின் பென்னைன் நெடும்பாதை அதற்கு விடை கூறும். பள்ளத்தாக்குகளையும் குன்றுகளையும் புதர் மண்டிய மேட்டுநிலங்களையும் கடந்து, ஈடேல் சிற்றூர் முதல் ஸ்காட்லாந்து எல்லையோரக் கிர்க் யெத்தம் வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீள்வது அப்பாதை.

அது எளிதில் கிட்டியதன்று. மேட்டுநிலங்கள் பலவும் நிலக்கிழார்களின் பறவை வேட்டைக்கென அடைபட்டுக் கிடந்தன. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர்கள் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினர். ஐவர் சிறைத்தண்டனை பெற்றனர். 1935-இல் டாம் ஸ்டீபன்சன் என்னும் இதழாளர் நெடும்பாதைத் திட்டத்தை முன்மொழிந்தார். 1949-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப் பாதைகளை ஆய்ந்து வரைபடத்தில் பதியும் கடமையை உள்ளாட்சி மன்றங்களுக்கு விதித்தது. ஆயினும் நெடும்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1965-இல்தான். வரைபடத்தில் குறிக்கப்பட்ட திறந்தவெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது.

உரிமையோடு பொறுப்பும் வந்தது. நடப்போர் பெருகவே, நீர் ஊறிய பீட் மண் அரிப்புற்றது. இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தளக்கற்களைப் பரப்பி அதனைக் காத்தனர்.

சட்டம், வரைபடம், பராமரிப்பு ஆகிய மூன்றும் இணைந்தாலன்றிப் பொதுப் பாதை நிலைபெறாது. மலைப்பகுதி நிர்வாகத்தில் ஈடுபட்டோர் கருத்தில் கொள்ளத்தக்க உண்மை இது.