தலையசைத்தல் சம்மதமாகுமா?

(காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் நடைபெற்ற வாழ்க்கைத் துணை ஒப்பந்த விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன் இம்மேடையில் நடந்ததைக் கண்டீர்கள். மணமகன் உறுதிமொழி கூறினார். பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டது. அடுத்து மணமகள் கூறினார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. உடனே பின்னாலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, "காதுல விழலையே, இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். பந்தலெங்கும் சிரிப்பு. மணமகளும் சிரித்தார். பிறகு ஒலிபெருக்கியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இவரை என் வாழ்க்கைத் துணைவராக ஏற்கிறேன்" என்று தலைநிமிர்ந்து கூறினார்.

பேசுவதற்கென்று நான்கு பக்கம் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தத் தாளை அப்போதே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். மணவாழ்வில் மதிப்பு எது, மகிழ்ச்சி எது என்று நான் நான்கு பக்கத்தில் சொல்ல வந்ததை, அந்த அம்மையார் ஒரே வரியில் கேட்டுவிட்டார். காதில் விழவில்லையே! ஆம், நம் நாட்டில் மணப்பெண்ணின் குரல் எத்தனை நூற்றாண்டுக் காலம் எவர் காதிலும் விழாமல் போயிற்று!

இங்கிருந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 35 வயதுக்கு மேல், 70-க்கு உட்பட்டு இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அத்தகையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பெருமைதான், மறுப்பாரில்லை. ஏரியைக் காக்கும் வாரியத்துக்கு ஓலை உண்டு. தோட்டத்தைக் காக்கும் வாரியத்துக்கு ஓலை உண்டு. ஓர் இளம்பெண் தன் வாழ்நாளை யாருடன் கழிப்பது என்பதற்கு மட்டும் ஓலை இல்லை! பின்னாளில் சோதிடரின் ஓலை வந்தது. அதில் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருந்துகிறதா என்று கேட்பவர், "பெண்ணே, உனக்கு விருப்பமா?" என்று பதினோராவதாக ஒன்று கேட்டால் குடியா முழுகிவிடும்?

அந்தக் கேள்வியைத்தான் பெரியார் நாட்டின் முன் வைத்தார். 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் மாகாண மாநாடு. இந்த ஐயங்கார்குளமும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்தான். பெண்ணின் மணவயது 16-க்கு மேற்பட வேண்டும், கணவனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும், ஒவ்வாத மணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும், சொத்தில் சமபங்கு வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். ஏளனம் செய்தார்கள் சிலர், ஏசினார்கள் பலர். ஏச்சைவிடக் கொடிய அடி 1953-இல் விழுந்தது. இவ்வகைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிப் பாருங்கள்! கால் நூற்றாண்டாக இம்முறையில் மணந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டவர்களைப் பார்த்து, "நீ மனைவி அல்ல, இவை முறையான பிள்ளைகள் அல்ல" என்று சட்டம் சொல்லிற்று. அப்படியும் நம் தோழர்கள் அஞ்சவில்லை. பந்தல் போடுவதை நிறுத்தவில்லை. சொத்துப் போனாலும் போகட்டும், சொன்ன சொல் போகக்கூடாது என்று நின்ற அந்தப் பெண்களின் துணிவை நாம் போதிய அளவு பாடவில்லை என்பது என் எண்ணம்.

இதோ இந்தக் காஞ்சியிலே பிறந்த அண்ணா முதலமைச்சரானதும், 1967-இல் சட்டம் நிறைவேறியது. 1968 சனவரியில் நடப்புக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களுக்கும் அது உயிர் கொடுத்தது. அச்சட்டம் மூன்று வழிகளைச் சொல்கிறது. மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னால், முதலாவதாகச் சொல்லியிருப்பது எது? இருவரும் தமக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறுவது! புரியும் மொழியில் கூறுவது, தோழர்களே. 2023 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது: இத்தகைய மணத்துக்கு ஊரறிந்த விழா வேண்டியதில்லை என்றது. இந்தப் பந்தல் வேண்டாம், இந்த ஒலிபெருக்கி வேண்டாம், நான் வேண்டாம்! மணமக்களின் ஏற்பு வேண்டும். அதுதான் மணம்.

சட்டத்தின் கதையை இவ்வளவில் நிறுத்துகிறேன். நம் கதைக்கு வருகிறேன். ஊரார் குறையைப் பேசுவது எளிது; மேடையும் அதற்கென்றே உயரமாகக் கட்டப்படுகிறது. இன்று நான் பேச வந்தது கொடி பிடிக்கும் நம்மைப் பற்றி, கொடி பிடித்த என்னைப் பற்றி.

எனக்கு 1973-இல் மணம் நடந்தது. நமது முறைப்படிதான். அழைப்பிதழில் முப்பது பேச்சாளர்கள் பெயர் கொட்டை எழுத்தில். அடியிலே மணமகள் பெயர், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில். மூன்று மணி நேரம் பெண்ணுரிமை பற்றிப் பேசினார்கள். தலைமை தாங்கியவர் உறுதிமொழியை எனக்காகவும் படித்தார், அவருக்காகவும் படித்தார். "சம்மதம்தானே?" என்றார். என் துணைவியார் தலையசைத்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பல ஆண்டு கழித்து, ஒரு மாலை வேளையில், "அன்றைய கூட்டத்தில் யார் பேச்சு உனக்குப் பிடித்தது?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "யார் என்ன பேசினாங்கன்னு ஞாபகமில்லைங்க. ரொம்ப தாகமா இருந்துச்சு. தண்ணி யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. அதான் ஞாபகம்."

பெண்ணுரிமை முழங்கிய மேடையில், ஒரு பெண் தண்ணீர் கேட்க வாயெடுக்க முடியவில்லை!

1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், பதினொரு திங்கள் சிறையில் இருந்தேன். வீட்டிலே கைக்குழந்தை, என் தாயார் நோயாளி. அந்தப் பதினொரு திங்களும் அடுத்த தெருத் தறி வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வீட்டை ஓட்டினார் என் துணைவியார். நான் வெளியே வந்தேன். எனக்கு மாலை, எனக்கு ஊர்வலம், "தியாகி" என்று எனக்குப் பட்டம். ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் என்ன கேட்டேன் தெரியுமா? "சோறு இருக்கிறதா?" என்று கேட்டேன். "எப்படிச் சமாளித்தாய்?" என்று கேட்கத் தோன்றவில்லை. நான் அடித்தவனல்லன், குடித்தவனல்லன், கொள்கைக்காரன். அப்படியும் கேட்கத் தோன்றவில்லை.

"இதெல்லாம் சிறு செய்தி, இதற்கா மேடை?" என்பீர். இதன் விலையைச் சொல்கிறேன், கேளுங்கள். வயது வந்தது; கூட்டங்கள் குறைந்தன; பகலெல்லாம் வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. அப்போதுதான் தெரிந்தது, எனக்கும் அவருக்கும் பேச ஒன்றுமில்லை என்று! எதுவானாலும் பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகள் என்னிடம் சொல்வார்கள். ஒரே கூரைக்குள் தூதர் வைத்துப் பேசும் இரண்டு நாடுகள்! ஆயிரம் பேரைக் கைதட்ட வைத்தவன், ஒரே ஓர் ஆளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபது வயது ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தாம் என் மணவாழ்வின் நல்ல நாட்கள். முன்பே கேட்டிருந்தால் நாற்பது ஆண்டு கூடக் கிடைத்திருக்கும். இழந்தது அவர் மட்டுமல்லர், நானும்தான்.

"மதிப்புக் கொடுத்தால் தலைமேல் ஏறிவிடுவாள்" என்று சொல்வோர் உண்டு. ஏறியவள் எவள்? எந்த ஊரில்? நடந்தது வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களுள், 18 முதல் 49 வயதுவரை உள்ளோரில், நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். படித்த நாடு, பகுத்தறிவு பேசும் நாடு! அந்த 38 வீடுகளில் நம் கொடி பறக்கும் வீடு ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எவரால் முடியும்? அஞ்சி நடக்கும் மனைவி கணவனிடம் உண்மை பேசமாட்டாள், பேச முடியாது. உண்மை பேசாத வீட்டில் அந்த ஆண் யாரோடு வாழ்கிறான்? அவன் போட்ட உத்தரவின் எதிரொலியோடு வாழ்கிறான்.

மதிப்பு என்பது பின்னால் கனிந்து வரும் கனி என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் மணம், அப்புறம் அன்பு, அதற்கப்புறம் ஒருநாள் மதிப்பு என்று! டாக்டர் முத்துலட்சுமி அப்படி எண்ணவில்லை. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணப்பதற்கு முன்பே, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பின்னரே இசைந்தார். நிலம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, இதைக் கேட்டார்! பின்னர் அவர் சட்டமன்றம் சென்றதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டதும் நாடறிந்த செய்திகள். அந்தக் கணவருக்கு என்ன குறைந்துபோயிற்று?

இவ்வளவு தூரம் போவானேன்? காஞ்சிப் பட்டைப் பாருங்கள். கோர்வைச் சேலை நெய்ய ஒருவரால் ஆகாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒரு பக்கம், மறு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண், முன்பெல்லாம் பிள்ளை. ஒருவர் கை தாமதித்தால் கரை இணையாது. ஆனால் சேலை விற்கும்போது நெய்தவர் என்று யார் பெயர் சொல்கிறோம்? இவ்வூரின் பெரிய குளத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். விசயநகர ஆட்சிக் காலத்துத் தாதாச்சாரியார் பெயர் நிற்கிறது. கூடையில் மண் சுமந்தவர் பெயரை எவரும் அறியோம். 2023 செப்டம்பர் 15-இல், அண்ணா பிறந்த நாளில், இதே காஞ்சியில் மகளிர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடவில்லை; 'உரிமைத் தொகை' என்றார்கள். அந்தப் பெயர்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வீட்டு வேலை வேலைதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட சொல் அது. அரசு ஒப்புக்கொண்டதை அடுக்களை வாசலில் நாம் ஒப்புக்கொள்கிறோமா?

மரியாதை என்ற சொல்லையே இங்கு இரண்டு பேர் இரண்டு விதமாக இழுக்கிறார்கள். "குடும்ப மரியாதை போயிற்று" என்று கத்தியெடுப்பவன் ஒருவன். 2016 மார்ச் 13-இல், உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளம் இணையை வெட்டினார்கள், இளைஞர் மாண்டார். பெண்ணின் தலையில் குடும்ப மானத்தைச் சுமத்தி, அந்தச் சுமைக்காக அவள் வாழ்வையே அழிக்கும் மரியாதை அது. நமது சொல்லில் முன்னால் ஒரு 'சுய' இருக்கிறது. அவளுடைய மரியாதை அவளுடையது. தந்தையுடையதும் அன்று, கணவனுடையதும் அன்று, சாதிச் சங்கத்துடையதும் அன்று.

மணமகனே, உன்னிடம் ஒன்று. சண்டை வரும். வராத வீடு இல்லை. நானும் நேற்றுக் காலைகூடப் போட்டேன். சண்டையில் வென்ற பிறகு, அவர் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எண்ணிவிடாதே. இன்னொரு தரம் கேள். மணமகளே, உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியை உன் பக்கம் இழுக்க உனக்குத் தெரிந்திருக்கிறது.

கிளைக் கழகத் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள். அடுத்த திருமண அழைப்பிதழில் மணமகள் பெயரையும் படிப்பையும் தலைவர்கள் பெயரினும் பெரிதாக அச்சிடுங்கள். உறுதிமொழியை அவரே கூறட்டும்; கூச்சமாக இருந்தால் காத்திருங்கள், நேரம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் வரதட்சணைப் பேரம் நடந்த வீட்டுக்கு, எவ்வளவு பெரிய புள்ளியானாலும், வாழ்த்துரை கூறப் போகாதீர்கள்.

அரைமணி நேரம் பேசிவிட்டேன். நீண்ட பேச்சைக் குறை சொன்னவனுக்கு இது அழகன்று. மணமகளுக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்றா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன், கொடுத்தார்களாம். இலை போட்டுவிட்டார்கள் என்று சமையற்காரர் கை காட்டுகிறார். இன்று முதல் பந்தி தாய்மார்களுக்கு; பரிமாறுவது நாம். வட்டச் செயலாளர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். சாம்பார் வாளி என்னுடையது. குரல் கொடுத்த அந்த அம்மையாரை முதல் இலையில் உட்கார வையுங்கள், வருகிறேன்.