தோம்பும் சித்திரமும்

பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் திருகோணமலை வாசிகள், அவ்வாயிலின் நிலைக்கல்லிலே பொறித்த கயல்களையும் பழஞ்சாசன வரிகளையும் கண்டிருப்பர். பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக்கொண்டே கோட்டையை எழுப்பினராதலின், மதிலோடு சேர்ந்த பின்னும் அக்கல் தன் பூர்வ கதையை உரைத்துக்கொண்டேயிருக்கிறது. பொருள்களுக்குள்ள இந்த ஞாபக சக்தியையே தம் கலைக்கு ஆதாரமாகக் கொண்ட ஓவியர் சிலர் நம் காலத்தில் உளர்.

1945இல், யுத்தம் முடியுந் தறுவாயில் ஜேர்மனியிற் பிறந்த அன்செல்ம் கீஃபர், வர்ணத்தோடு சாம்பலையும் வைக்கோலையும் ஈயத்தையும் சேர்த்துச் சித்திரங்கள் ஆக்கியவர். 1981இல் அவர் படைத்த 'மார்கரெத்தே'யில் முகமோ மேனியோ தீட்டப்படவில்லை. திரையில் ஒட்டிய வைக்கோலே ஒரு பெண்ணின் பொற்கூந்தலாகி, அவளை நம் முன் நிறுத்திவிடுகிறது.

நமக்கு அணித்தான உதாரணம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். 2004இல், எரியுண்டு மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே, குடாநாட்டு மக்களின் வீடுகளிலிருந்து பெற்ற பொருள்களைத் தொகுத்து அவர் காட்சிக்கு வைத்தார். எனினும், அவருடைய சிகரமென நான் கருதுவது 2011இல் நூலாக வெளிவந்த 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பென்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. ஆள்வோர் எழுதிய அந்த ஏட்டின் பெயரை எடுத்து, உள்நாட்டு யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமான 80 பேரைத் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையச் செய்தார். அதனருகே கட்டடக் கலைஞரின் அளவு பிசகாத வரைபடமும், சனாதனன் தாமே உலர் வண்ணக்கோலால் தீட்டிய சித்திரமும் அமைந்தன.

இம்மூன்றினுள் உரியவர் கையால் வரைந்ததே உயர்ந்ததென்பது என் துணிபு. நிலப்படமென்பது வெறுங்கோடுகளாலான அரூபம். ஆயினும், நினைவிலிருந்து வரைபவரின் கை அளவுகோலுக்கு அடங்காது, பிரியமான மூலையைப் பெரிதாக்கி, மறந்ததைச் சுருக்கி விடுவதால், கோடுகளினூடே அவ்வீட்டில் வாழ்ந்த மனிதரே உருப்பெறுகிறார். கட்டடக் கலைஞரின் நேர்கோடுகளோ வீட்டைத் திருப்பித் தந்து மனிதரை விட்டுவிடுகின்றன. அந்த நஷ்டத்தையும் நாம் காணுமாறு இரண்டையும் அருகருகே வைத்ததிலேதான் சனாதனனின் சாமர்த்தியம் விளங்குகிறது. பயிற்சி பெற்ற தம் கையைப் பின்னிறுத்தி, பயிற்சியில்லாத கைக்கு முதலிடம் தர எத்தனை ஓவியருக்கு மனம் வரும்?

இடம்பெயர்வை நன்கறிந்த நம் திருகோணமலை மாவட்டத்தார், இந்நூல் கிட்டுமாயின், ஏனைய இரண்டையும் சற்று மறைத்துவைத்து, முதற்படத்தையே நெடுநேரம் பார்க்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.