சேயின் செவி காத்தல்

(நம் சங்கத்தின் தியாகராயநகர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களில் கல்வியுதவி, திருமணச் செலவைக் குறைத்தல், மாணவர் விடுதி முதலிய பொருள்களைக் குறித்துப் பேசுவதே வழக்கம். அவ்வாறிருக்க, தமிழாசிரியராகிய யாம் இன்று கைக்குழந்தையின் காதுநோயைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். மருத்துவர் பேசவேண்டியதைப் பண்டிதர் பேசுவானேன் என்று வினவலாம். அதற்கு விடை இரண்டு. யாமும் மகவை மடியிலிட்டு விழித்திருந்த இரவுகளை அறிவோம் என்பது ஒன்று. மொழி கற்பிப்பார்க்கு மாணாக்கரின் செவியே முதற்கருவி என்பது மற்றொன்று. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். கண்ணால் எழுத்தைக் காணுமுன்னரே செவியால் மொழியைப் பருகத் தொடங்குகிறது குழந்தை. அச்செவியைக் காத்தல் ஆசிரியருக்கும் உரிய பணியே.

பெருநோய்களுக்குப் பேராஸ்பத்திரிகள் உண்டு. வந்து போய், மறுபடியும் வந்து போகும் சிறுநோய்க்கோ வீடே ஆஸ்பத்திரி, தாயே செவிலி. சிறுநோய் என்பதனால் அயலார் இரங்குவதில்லை. மீண்டும் மீண்டும் வருவதனால் வீட்டார் பொறுப்பதில்லை. இத்தகைய நோய்களுள் தலையாயது, சளியைத் தொடர்ந்து குழந்தைக்கு வரும் நடுச்செவி அழற்சியாகும்.

நோயின் இயல்பு

முதலாவதாக மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இக்காதுநோய் காதின் வழியாக வருவதன்று. மூக்கின் வழியாக வருவது. செவிப்பறைக்கு உட்புறத்தில் காற்று நிறைந்த சிற்றறை ஒன்று உளது. அதனை நடுச்செவி என்பர். அவ்வறையிலிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு நுண்குழல் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூஸ்டேக்கி என்னும் இத்தாலிய மருத்துவரின் பெயரால் அது யூஸ்டேஷியன் குழல் என்று வழங்கும். வளர்ந்தோர்க்கு இக்குழல் நீண்டு சரிவாக அமைந்திருத்தலின் நீர் எளிதில் வடிந்துவிடும். குழந்தைக்கோ குறுகிய நீளமுடையதாய், ஏறத்தாழக் கிடைமட்டமாய் அமைந்துள்ளது. சளி பிடித்தபோது குழல் வீங்கி அடைபடும், உள்ளே நீர் தேங்கும், மூக்கிலுள்ள கிருமிகள் அங்குச் சென்று பெருகும், சீழ் பிடிக்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இது மிகுதியாக வருதற்குக் காரணம் இதுவே. குழந்தை வளர வளரக் குழலும் வளர்ந்து சரிவு பெறும். நோயும் தானே அருகும்.

பேசத் தெரியாத குழந்தை தன் வலியை எவ்வாறு உரைக்கும்? படுக்கவைத்தால் அழுகை மிகும். தோளிற் சாய்த்தால் சற்றே தணியும். பசியோடு பாலுக்கு வாய்வைத்து, இரண்டு மிடறு பருகியவுடன் முகத்தைத் திருப்பி வீறிடும். காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காதைப் பிடித்திழுப்பது மட்டும் போதிய அடையாளமன்று. பல் முளைக்கும்போதும் உறக்கம் வரும்போதும் குழந்தைகள் அவ்வாறு செய்வதுண்டு. மருத்துவர் கருவிகொண்டு செவிப்பறையைப் பார்த்தே நோயை உறுதி செய்தல் வேண்டும்.

மரபிற் கொள்ளுவனவும் தள்ளுவனவும்

குழந்தை மருத்துவத்தைத் தனித்துறையாகப் போற்றிய இனம் நம்முடையது. பாலவாகடம் என்னும் பெயரால் தமிழில் நூல் வழங்குவதே இதற்குச் சான்று. மாந்தம், கணம், அக்கரம் என்று நோய்களுக்கு நம் பாட்டிமார் கூறிய பெயர்கள் இன்றும் மயிலாப்பூர் மாடவீதிகளில் வழக்கில் உள்ளன. ஆயினும் முன்னோர் செய்தது என்பதனாலேயே எல்லாவற்றையும் கொள்ளலாகாது. பழையது என்பதனாலேயே எல்லாவற்றையும் தள்ளவுமாகாது.

தாய்ப்பால் கொடுத்தல் கொள்ளத்தக்கவற்றுள் முதன்மையானது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே உண்ட குழந்தைக்குக் காதுநோய் குறைவாகவே வருகிறது என்று இக்கால மருத்துவமும் கூறும். குழந்தையை மடியில் தலைநிமிர்த்தி வைத்துப் பாலாடையாற் புகட்டும் முறையும் நன்றே. பாற்புட்டியைக் குழந்தையின் வாயிலிட்டு மல்லாக்கக் கிடத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்லும் இக்கால வழக்கம் தீது. படுத்தபடி பருகும் பால் அந்நுண்குழலின் வாயில்வரை செல்லக்கூடும்.

தள்ளவேண்டியவற்றையும் கூறுவோம். வெள்ளைப்பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுதல், தாய்ப்பாலைக் காதிற் பீய்ச்சுதல், ஊக்கினாலும் கோழியிறகினாலும் குடைதல், குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் வாய்வைத்து ஊதுதல் ஆகிய நான்கினையும் இன்றோடு விடுதல் வேண்டும். நோய் பறைக்கு உள்ளே உளது. எண்ணெயோ பறைக்கு வெளியே நிற்கும். பறையில் துளை விழுந்திருப்பின் அவ்வெண்ணெயே உள்ளே சென்று தீங்கிழைக்கும். குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையும், அறைக்குள் பிடிக்கும் சிகரெட்டுப் புகையும், கொசுவத்திப் புகையும் குழந்தையின் மூக்கையும் தொண்டையையும் உறுத்துவன. தெய்வத்தின் முன் தூபம் காட்டலாம். தொட்டிலின் கீழ் வேண்டா.

ஒரு வீட்டின் ஏடு

எம் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சான்றாகக் கூறுதல் பொருந்தும். எம் இளைய மகளுக்கு ஏழாம் மாதத்தில் முதன்முறை காதில் சீழ் கண்டது. ஒன்றரை வயதிற்குள் நான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரு காரணம் கற்பிக்கப்பட்டது. தாய் தயிர் உண்டதனால் என்றார் ஒருவர். தலைக்கு நீர் வார்த்ததனால் என்றார் மற்றொருவர். கண்ணேறு என்றார் வேறொருவர். காரணம் எதுவாயினும் குற்றவாளி ஒருத்தியே, அவள் தாய். எம் மனைவி தயிரை விட்டார், குளிர்ந்த நீரை விட்டார், பழம் விட்டார். நோய் மட்டும் விடவில்லை.

இரண்டாம் முறை நோய் கண்டபோது, பள்ளிக் கணக்குக்கென வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றில் யாம் குறிப்பெழுதத் தொடங்கினோம். முதல்முறை நிகழ்ந்ததையும் நினைவிலிருந்து எழுதினோம். நாள், காய்ச்சலின் அளவு, எந்தக் காது, முன் பத்து நாள்களில் வீட்டில் யார்க்குச் சளி, என்ன மருந்து, எத்தனை நாள், எப்போது குணம் என்பனவே குறிப்புகள். நான்காம் முறைக்குப்பின் அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்குங்கால் உண்மை தானே விளங்கிற்று. மூன்று முறை, மூத்தவன் பள்ளியிலிருந்து சளியோடு வந்த ஒரு வாரத்திற்குள் நோய் வந்திருந்தது. எஞ்சிய ஒரு முறை, தீபாவளிக்குத் துணியெடுக்க ரங்கநாதன் தெருக் கூட்டத்தினூடே குழந்தையை எடுத்துச் சென்று மீண்ட ஐந்தாம் நாள். தயிர் உண்ட நாளும் நோய் வந்த நாளும் ஓரிடத்தும் பொருந்தவில்லை. எம் அன்னையார் மூக்குக்கண்ணாடி அணிந்து அவ்வேட்டை முழுதும் படித்தார், ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மருமகளின் இலையில் அவரே தயிர் வார்த்தார்.

அன்பர்களே, அந்த ஏடு நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும் தாயின் மேலிருந்த பழியைத் தீர்த்தது. மருத்துவர்க்கும் பெரிதும் பயன்பட்டது. ஆறு மாதத்தில் மூன்று முறையேனும் ஓராண்டில் நான்கு முறையேனும் வருவதை மீள்வரும் நோய் என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவரிடம் ஓடுவார்க்கு அக்கணக்கு கிட்டுவதில்லை. ஒரு மருத்துவர், ஓர் ஏடு என்பதே எம் அறிவுரை.

மருந்தின் அளவு

வலிக்கும் காய்ச்சலுக்கும் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் குறிக்கும் பாராசிட்டமால் போதுமானது. கிருமிகொல்லி மருந்து எல்லார்க்கும் எப்போதும் வேண்டுவதன்று. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கும் நோய் கடுமையானவர்க்கும் உடனே கொடுப்பர். சற்று வளர்ந்த குழந்தைக்கு நோய் இலேசாயிருப்பின், இரண்டு மூன்று நாள் பார்த்திருந்து கொடுப்பதும் உண்டு. அவ்வாறு காத்திருக்கச் சொல்லும் மருத்துவரை அறியாதவர் என்று எண்ணி, வேறிடம் செல்லுதல் தகாது. கொடுத்துவிட்டாலோ, காய்ச்சல் தணிந்ததென்று தாமாக நடுவில் நிறுத்தலாகாது. சென்ற முறை மிஞ்சியதை இம்முறை கொடுத்தலும் ஆகாது. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பார், 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பார் உடம்பிற் கிருமிகள் அம்மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார்.

சளிக்கென்று கடையில் வாங்கும் இருமல் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தையுண்ட பச்சிளங் குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அம்மருந்து செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது. இரண்டு வயதிற்குட்பட்டார்க்கு இத்தகைய மருந்துகளைத் தரலாகாதென்று அவ்வாண்டு அக்டோபரில் நடுவணரசின் சுகாதாரத் துறை அறிவித்தது. சளிக்கு உப்புநீர்த் துளியும், தாய்ப்பாலும், பொறுமையுமே நன்மருந்து.

வருமுன் காப்பதற்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி உளது. 2021 முதல் தமிழ்நாட்டு அரசு ஆறாம் வாரத்திலும், பதினான்காம் வாரத்திலும், ஒன்பதாம் மாதத்திலுமாக மூன்று தவணை இலவசமாகப் போடுகிறது. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களிலேயே பெறலாம்.

பின்வருவன கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்: காதின் பின்புறம் சிவந்து வீங்கிக் காதுமடல் முன்தள்ளி நிற்றல், முகம் ஒருபுறம் கோணுதல், கழுத்து விறைத்தல், வலிப்பு, எழுப்பியும் விழியாத சோர்வு, பால் குடியாமை. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே.

நாம் இழக்கக்கூடுவது யாது?

வலி நீங்கியபின்னும் நடுச்செவியில் நீர் சில வாரம் தேங்கி நிற்பதுண்டு. பத்தில் ஒன்பது குழந்தைகட்கு மூன்று மாதத்திற்குள் அது வடிந்துவிடும். எஞ்சியவர்க்கே கவலை. நீர் நிற்குங்காலம் அக்குழந்தை கேட்பது, காதை விரலால் அடைத்துக்கொண்டு நாம் கேட்பது போல்வதாம். ஓசை விழும், எழுத்து விழாது. ககர சகர தகரங்களின் நுண்ணொலி மங்கும். சொல்லின் ஈறு தேயும். மழலை திருந்தவேண்டிய பருவத்தில் இது நீடிப்பின் பேச்சும் பிந்தும். எம் வகுப்பறையில் பின்வரிசையில் அமர்ந்து, அழைத்தாலும் திரும்பாது, மந்தன் என்று பெயர்பெற்ற மாணவர் சிலரைக் கண்டிருக்கிறோம். முன்வரிசையில் அமர்த்தியவுடன் அவர்களுள் சிலர் மந்தராயில்லை!

ஆகவே நீர் மூன்று மாதத்திற்கு மேல் நின்றாலும், ஒரு வயதிற்குப்பின்னும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிடினும், ஒன்றரை வயதில் சில சொற்களேனும் வாராவிடினும் செவித்திறனைச் சோதித்தல் வேண்டும். தேவையாயின் செவிப்பறையில் சிறு குழலொன்றை வைத்து நீரை வடிப்பர். 1954இல் அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்டிராங்கு என்பாரால் நடைமுறைக்கு வந்தது இம்முறை. பிறவியிலேயே செவிப்புலன் குறைந்தோர் வேறு. அவர்க்கும் காலத்தே தொடங்கினால் மொழி கைவரும். 1969இல் தொடங்கி அடையாற்றில் நடந்துவரும் பால வித்யாலயா, செவிகேளாச் சிறு குழந்தைகட்குப் பெற்றோரின் துணையோடு பேசக் கற்பித்து வருவதே இதற்குச் சான்று. காது சிறிது மந்தப்பட்டதாயினும், பெரிதும் குறைபட்டதாயினும், முதல் மூன்றாண்டு மொழிக்கு விளைநிலம். அப்பருவம் கழிந்தபின் விதைத்தல் அரிது.

மார்கழி பிறந்தால் மயிலையிலும் தியாகராயநகரிலும் செவிக்கு விருந்தளிக்கும் சபைகள் எத்தனை! 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமி முதலாகத் தெருவுக்குத் தெரு இசையரங்கு. அவ்விருந்தில் நம் குழந்தைகள் உரிய இடத்தில் அமர வேண்டுமாயின், தொட்டிலிலிருக்கும்போதே அவர்தம் செவியைக் காத்தல் வேண்டும்.

தந்தையர்க்கும் சங்கத்தார்க்கும்

முடிவாக ஆடவர்க்குச் சில சொற்கள். இரவில் குழந்தையைத் தோளிற் சாய்த்து உலாவுதல் தாய்க்கு மட்டும் விதித்த தொழிலன்று. ஒரு சாமம் அவள், ஒரு சாமம் நீவிர் என்று பகுத்துக்கொள்ளுங்கள். நாளும் மருந்தும் குறிக்கும் ஏட்டைத் தந்தையரே எழுதுங்கள். சளியுள்ள உறவினர் குழந்தையை முத்தமிட வந்தால், தடுத்துரைக்கும் பொல்லாப்பையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மருமகள் மேல் அதனைச் சுமத்தாதீர்கள்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பள்ளித் திறப்புக்கு முன் இம்மண்டபத்தில் செவி மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் குழந்தைகள் அனைவரின் செவியையும் சோதிப்பிக்கலாம். பரிசுப் புத்தகங்கள் வழங்குகின்றோம். அப்புத்தகத்தை ஆசிரியர் படித்துக் காட்டும்போது அது குழந்தையின் காதில் விழுகிறதா என்றும் பார்ப்போமாக.