ஓய்ந்திருக்கும் தாயும் ஓடித் திரியும் குழந்தையும்

கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களில் உள்ள தமிழ்த் தாய்மாருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் நூலக மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



பிள்ளைப்பேறு நெருங்கும்போது பெண் தாய்வீட்டுக்குச் செல்வது தமிழர் வழக்கம். அங்கே மூத்த குழந்தையை அம்மம்மா குளிப்பாட்டுவார், சித்தி சோறூட்டுவார், மாமா தோளில் ஏற்றிக் கடைக்கு அழைத்துச் செல்வார். தாய் பகலில் படுத்திருப்பதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. பிரித்தானியாவில் வாழும் தமிழ்த் தாய்மாரில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலையில் கணவர் வேலைக்குச் சென்றபின் வீட்டில் எஞ்சுபவர்கள் இருவர்: 34 வாரக் கருவைச் சுமக்கும் தாயும், மூன்று வயதுக் குழந்தையும். ஒருவருக்கு எழுந்து நிற்பதே சிரமம். மற்றவருக்கு ஓரிடத்தில் இருப்பதே சிரமம்.

இந்நிலையில் பல தாய்மாரைக் களைப்பைக் காட்டிலும் குற்றவுணர்வே அதிகம் வருத்துகிறது. பூங்காவுக்கு அழைத்துச் செல்லவில்லை, தூக்கவில்லை, தொலைக்காட்சியின் முன் இருத்திவிட்டோம் என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. தாயின் ஓய்வு குடும்பத்தின் சுவர். அந்த ஓய்வைக் கெடுக்காமலே குழந்தையுடன் நிறைவாக விளையாட இயலும். குழந்தை பெரிதும் நாடுவது தாயின் முகத்தையும் குரலையும் மறுமொழியையும். அவை மூன்றையும் நாற்காலியில் அமர்ந்தபடியே கொடுக்கலாம்.

படுத்திருந்தே விளையாடுதல்

முதலாவது, வைத்தியர் விளையாட்டு. தாய் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம், அவரே நோயாளி. குழந்தை கைக்குட்டையால் கட்டுப் போடும், வெற்றுக் கிண்ணத்தில் மருந்து கொண்டுவரும், போர்வையை இழுத்து மூடும். இவ்விளையாட்டில் இன்னொரு பயனும் உண்டு. “அம்மா வைத்தியசாலைக்குப் போவார், அங்கே வைத்தியர்கள் பார்ப்பார்கள், பிறகு அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவார்” என்னும் செய்தியை, வரவிருக்கும் பிரிவுக்கு முன்னரே குழந்தை பலமுறை நடித்துப் பழகிவிடுகிறது.

இரண்டாவது, முதுகுச் சாலை. தாய் ஒருக்களித்துப் படுத்திருக்க, குழந்தை சிறு மோட்டார் வண்டியை அவரது தோளிலிருந்து இடுப்புவரை ஓட்டும். பழைய சட்டையொன்றின் முதுகுப்புறத்தில் சாலையும் பாலமும் சந்தியும் வரைந்து வைத்தால் ஆர்வம் இரட்டிப்பாகும். வண்டி ஓடும்போது வலிக்கும் முதுகுக்கும் சற்று இதமாக இருக்கும்.

மூன்றாவது, விரல் விளையாட்டுகள். உள்ளங்கையில் பருப்புக் கடைவதும், விரல்களை மடக்கி எண்ணுவதும், கையில் நண்டு ஊர்ந்து அக்குளில் ஏறிச் சிரிப்பூட்டுவதும் தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. இவற்றுக்குப் பொம்மையும் வேண்டாம், பணமும் வேண்டாம். அயல்மொழிச் சூழலில் வளரும் குழந்தையின் செவியில் தமிழ் பதிவதற்கும் இவை துணைபுரியும்.

அமர்ந்திருந்தே ஓடவிடுதல்

ஐந்து வயதுக்குட்பட்ட, நடக்கத் தொடங்கிய குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தமாக 180 நிமிடங்களேனும் உடல் அசைவுடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியது. இதை முழுவதும் தாயும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதாகக் கொள்ள வேண்டியதில்லை.

“கொண்டு வா” என்னும் விளையாட்டை எண்ணிப் பார்க்கலாம். தாய் நாற்காலியில் அமர்ந்து, “சிவப்பான ஒன்றைக் கொண்டு வா”, “வட்டமான ஒன்றைக் கொண்டு வா”, “அப்பாவுடைய ஒன்றைக் கொண்டு வா” என்று கேட்பார். குழந்தை ஓடித் தேடிக் கொண்டுவரும். நிறமும் வடிவமும் உறவுச்சொல்லும் இதில் அடங்கும். முடிவில், கொண்டுவந்தவற்றை உரிய இடத்தில் வைப்பதையும் விளையாட்டின் ஒரு பகுதியாக்கிவிட்டால், தாய் குனிந்து பொறுக்க நேராது.

சலவை செய்த துணிகளை மேசையில் கொட்டி, சொக்ஸ் சோடி சேர்க்கச் செய்யலாம். பிறக்கவிருக்கும் குழந்தையின் சிறு சட்டைகளை மடிக்கவும் கொடுக்கலாம். மடிப்பு ஒழுங்காக அமையாது, அதனால் கேடில்லை. ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கொடுத்தால் அரை மணி நேரம் போகும். பச்சை மாவைக் குழந்தை உண்ணாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் உள்ள நாளில் ஒரு கோப்பைத் தண்ணீரும் தூரிகையும் போதும்: வீட்டுப் பின்புறத்துச் சீமெந்துத் தரையில் குழந்தை கோலமிடும், தண்ணீர் காயும், மீண்டும் கோலமிடும். துடைக்க வேண்டியது எதுவுமில்லை.

இப்பொருள்களில் சிலவற்றை ஒரு பையில் இட்டு, தாய் ஓய்வெடுக்கும் வேளையில் மட்டுமே அப்பையைத் திறப்பது நல்ல உத்தி. எப்போதும் கண்முன் இருக்கும் பொம்மை விரைவில் சலித்துவிடும்.

திரையைப் பற்றி ஒரு சொல். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது மேற்கூறிய வழிகாட்டலின் நிலைப்பாடு. களைத்துப்போன ஒரு நாளில் அந்த எல்லை சற்று மீறப்பட்டால் தாய் மனம் கலங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள அம்மம்மாவுடன் காணொளி அழைப்பில் உரையாடுவது, தனியே கார்ட்டூன் பார்ப்பதற்கு நிகராகாது. அங்கே கேள்வியும் மறுமொழியும் உண்டு. இங்கே காலை 10 மணி என்றால் அங்கே கோடைகாலத்தில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. அம்மம்மா மதிய உணவு முடித்து ஓய்ந்திருக்கும் நேரம் அது. கைத்தொலைபேசியை ஒரு கோப்பையில் சாய்த்து வைத்து, அவரையே கதை சொல்லக் கேட்கலாம். தாய் அருகிலேயே சாய்ந்திருக்கலாம்.

பழியைக் கருவின்மேல் சுமத்தாமை

“வயிற்றில் பாப்பா இருக்கிறது, உன்னைத் தூக்க முடியாது” என்பது பல வீடுகளில் இயல்பாக வரும் சொல். குழந்தையின் காதில் அது வேறுவிதமாக விழக்கூடும்: இன்னும் பிறவாத ஒருவர் தன் இடத்தைப் பறித்துவிட்டார் என்று அது எண்ணலாம். “அம்மாவின் முதுகு களைத்திருக்கிறது, நீ சோபாவில் ஏறி என் அருகில் உட்கார்” என்பது சிறந்த மறுமொழி. மறுப்போடு நில்லாமல் அணைப்புக்கு ஒரு வழியையும் அது காட்டுகிறது. மூத்த குழந்தை வயிற்றிலிருந்த காலத்துக் கதையையும், பிறந்த நாளின் புகைப்படங்களையும் அதற்குக் காட்டுவது பெரும் ஆறுதல் தரும்.

இப்பழக்கம் பேற்றுக்குப் பின்னரும் கைகொடுக்கும். அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற தாய், தொடக்கத்தில் தன் சிசுவைவிடக் கனமான எதையும் தூக்கலாகாது. தானாக ஏறி அருகில் அமரக் கற்ற மூத்த குழந்தைக்கு அந்நாள்கள் புறக்கணிப்பாகத் தோன்றா.

கவனிக்க வேண்டியவை

தாய் தன்னையறியாமல் கண்ணயரக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செயற்பட வேண்டும். விளையாடும் அறையின் கதவு அல்லது பாதுகாப்புத் தடுப்பு மூடியிருக்கட்டும். சூடான தேநீர், மருந்துகள், பொத்தான் வடிவ மின்கலங்கள், மூன்று வயதுக்குட்பட்டோர் விழுங்கக்கூடிய மணிகளும் புளியங்கொட்டைகளும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். குளியல் தொட்டியில் குழந்தையை ஒரு நொடியும் தனியே விடலாகாது.

28ஆவது வாரத்துக்குப் பின் இரவிலும் பகலிலும் உறங்கச் செல்லும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்குமாறு தேசிய சுகாதார சேவை அறிவுறுத்துகிறது. சிறு குழந்தையின் நப்பியை மாற்றியபின் கைகளைக் கழுவுவதும், அதன் எச்சில்பட்ட கரண்டியைப் பயன்படுத்தாதிருப்பதும் சில தொற்றுகளைத் தவிர்க்க உதவும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. இறுதி வாரங்களில் வயிற்றுக் குழந்தையின் அசைவு இயல்பாகவே குறையும் என்று சிலர் கூறுவர். அது தவறான நம்பிக்கை. அசைவு குறைந்தாலோ, நின்றாலோ, வழமையிலிருந்து மாறினாலோ, மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவிச்சியை அல்லது மகப்பேற்றுப் பிரிவைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நள்ளிரவானாலும் தயங்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேச இயலாதோர் “தமிழ் மொழிபெயர்ப்பாளர்” வேண்டும் என்று கேட்டால், அச்சேவை இலவசமாக வழங்கப்படும். மூத்த குழந்தையை யாரிடம் விடுவது என்னும் கவலையால் அழைப்பைத் தள்ளிப்போடலாகாது. ஆகவே, அவசரத்தில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளக்கூடிய அயலவர் ஒருவரின் பெயரை இன்றே முடிவுசெய்து வைப்பது நன்று.

குடும்பமும் ஊரும்

தந்தையர் பொறுப்பு மாலையில் தொடங்கட்டும். குளிப்பாட்டுதலும் படுக்கவைத்தலும் அவர்களுக்கு உரியனவாகலாம். தாய் வைத்தியசாலையில் இருக்கும் இரவில் குழந்தை அப்பாவிடம் உறங்கப் பழகியிருக்கும். சட்டமும் ஓரளவு துணைநிற்கிறது. பணியாளரான கர்ப்பிணிக்குப் பேற்றுக்கு முந்திய மருத்துவச் சந்திப்புகளுக்கு ஊதியத்துடன் நேரம் பெறும் உரிமை உண்டு. அவரது கணவர் அல்லது துணைவர் பணியாளராயின், இரண்டு சந்திப்புகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஆறரை மணி நேரம்வரை, ஊதியமின்றி விடுப்புப் பெறலாம்.

இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும், மூன்றாவது பிறந்தநாளுக்கு அடுத்த தவணையிலிருந்து, ஆண்டில் 38 வாரங்களுக்கு வாரம் 15 மணி நேர இலவசக் கல்வியும் பராமரிப்பும் கிடைக்கும். இரண்டு வயதினரிலும் தகுதியுடையோர் உள்ளனர். விண்ணப்பிக்கத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருப்பது வருந்தத்தக்கது. பல பகுதிகளில் ஹோம்-ஸ்டார்ட் என்னும் தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர்கள் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கே வந்து உதவுகின்றனர். 1973ஆம் ஆண்டு லெஸ்டர் நகரில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. உதவி கேட்பது மானக்குறைவு என்று எண்ண வேண்டியதில்லை; ஊரில் அயல்வீட்டார் கேளாமலே செய்த உதவிக்கு இங்கே ஒரு தொலைபேசி அழைப்புத் தேவைப்படுகிறது, அவ்வளவே.

இரு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வோ, அச்சமோ, எதிலும் பற்றின்மையோ நீடித்தால் அதையும் மருத்துவிச்சியிடம் கூற வேண்டும். அதுவும் மருத்துவம் உதவக்கூடிய நிலையே.

உரை முடிந்ததும் நூலகப் பணியாளர் வாயிலருகே இருப்பார். குழந்தையின் பெயரில் இலவச உறுப்பினர் அட்டையை அங்கேயே பெறலாம். தமிழ்ப் படக்கதை நூல்கள் இரண்டை எடுத்துச் சென்றால், நாளைப் பகல் ஓய்வு நேரத்துக்கு அவை போதும்.