பிள்ளைகள் திருத்திய இடம்

(கீழ்ப் பிரிவு சிறுவர் விளையாட்டிடத்தைத் திறந்து வைத்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாம் இப்போது நிற்கும் இந்த இடம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை மடுவத்துக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்தும் யாரும் கால் வைக்காத இடம். மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. கான் அடைபட்டு, மழை பெய்தால் தண்ணி தேங்கி நின்றது. போத்தல் ஓடு, தகரம், பழைய டயர், சொப்பிங் பை எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தன. பிள்ளைகளோ கொழுந்து லொறி வரும் ரோட்டில் பந்தடித்தார்கள்.

இந்த இடத்தைத் திருத்தலாம் என்று முதலில் சொன்னது நாங்கள் அல்ல, பிள்ளைகள்தான். கொழுந்து மடுவத்தில் நடந்த சிறுவர் கூட்டத்தில், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். கொப்பி, பென்சில் கேட்பார்கள் என்று இருந்தோம். "லொறி வராத எடம் வேணும் ஐயா" என்றார்கள். அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது.

சில தாய்மார் எங்களிடம் கோபப்பட்டார்கள். "நாங்கதான் மம்பட்டி பிடிக்கிறோம், எங்க பிள்ளைகளையும் வேலை வாங்குறீங்களா?" என்றார்கள். நியாயமான கேள்வி. 2021 முதல் நமது நாட்டில் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாது. ஆகவே சிரமதானம் என்ற பெயரிலும் அப்படி ஒன்று நடக்கக் கூடாது. கண்ணாடி, தகரம் பொறுக்கியதும் கான் வெட்டியதும் பெரியவர்கள். பிள்ளைகள் கல் அடுக்கினார்கள், கன்று நட்டார்கள், தண்ணி ஊற்றினார்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்களே. களைத்தால் உட்கார்ந்தார்கள், யாரும் கேட்கவில்லை. விளையாட்டு என்பது நாம் கொடுக்கும் சலுகை அல்ல. 1991ல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சொல்கிறது.

இந்தப் பிள்ளைகள் பெரியவர்களுக்கும் ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். பெரிய பையன்மார் முழு இடத்தையும் கிரிக்கெட்டுக்குக் கேட்டார்கள். பொம்பிளப் பிள்ளைகள் விடவில்லை. "நாங்களும்தானே கல்லுத் தூக்கினோம்" என்றார்கள். பேசிப் பேசி, ஒரு நாள் கிரிக்கெட், மறுநாள் எல்லே என்று தீர்த்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மடுவத்துப் பக்கம் தனி மூலை. சண்டை தீர்க்க யாரும் எங்களிடம் வரவில்லை.

அடுத்தது நோய். 2017ல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. கண்டி, இரத்தினபுரி மாவட்டங்களிலும் ஏராளமானோர். டெங்கு நுளம்புக்குக் குளம் தேவையில்லை. ஒரு சிரட்டைத் தண்ணி போதும். முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகப் பறந்துவிடும். அந்த முட்டை பாத்திரத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். ஆகவே தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். இங்கிருந்து அகற்றிய ஒன்பது டயரும் அத்தனை நுளம்புத் தொட்டிகள்தான்.

இன்னுமொரு பேச்சும் காதில் விழுந்தது. "இது தோட்டத்துக் காணி. நாளைக்கு எடுத்துட்டா என்ன செய்வீங்க?" ஒளிக்காமல் சொல்கிறோம். நிர்வாகம் அனுமதிக் கடிதம் தந்திருக்கிறது. கடிதம் உறுதிப்பத்திரம் ஆகாது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். குப்பை மேட்டை எடுத்தால் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. தினமும் ஐம்பது பிள்ளை விளையாடும் இடத்தை எடுக்க வந்தால் லயமே கேட்கும். ஆகவே இந்த இடத்தைப் பாவிப்பதுதான் இதற்குப் பெரிய காவல்.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒரு விசயம். போன கிழமை மேல் ஓரத்தில் திரும்பவும் இரண்டு பை குப்பை கிடந்தது. பிள்ளைகள் யார் என்று கேட்கவில்லை. பேசாமல் எடுத்துப் போட்டார்கள். நாங்களும் பெயர் சொல்லப் போவதில்லை. அந்தப் பையைக் கட்டியது பெரியவர் கை என்பது மட்டும் தெரியும்.

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறோம். மரக்கறித் தோல், சாம்பலை உரக்குழியில் போடுங்கள். போத்தல், பொலித்தீனை மடுவத்துப் பக்கம் வைத்த சாக்கில் போடுங்கள். மேல் கானை ஒவ்வொரு காம்பராவும் முறை வைத்துத் துப்புரவு செய்யுங்கள். கான் அடைத்தால் ஒரே மழையில் பிள்ளைகள் அடுக்கிய கல்லும் மண்ணும் கீழே போய்விடும். சரிவில் நட்ட வெட்டிவேர் வேர் பிடிக்கும்வரை ஆடு மாட்டையும் அவிழ்த்து விடாதீர்கள்.

ஓரத்தில் நிற்கும் நான்கு கொய்யாக் கன்றுக்கும் பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணி ஊற்றுகிறார்கள். அவர்கள் பங்கை அவர்கள் செய்கிறார்கள். நம் பங்கு அந்தக் கான்தான். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு மம்பட்டியோடு வாருங்கள். நாங்களும் வருகிறோம்.